ரிஜெக்ஷன் கூண்டில் முதல் ஷிஃப்ட்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்தோரு மனிதர்களை ஒரே காலையில் பழுதான சரக்கு என்று அறிவித்து, கம்பிக் கூண்டுக்குள் நிற்கவைத்துப் பூட்டுப் போட வைத்தவன் நான். அதுவும் அவர்களுடைய மனநலத்துக்காக.

இதையே தெருவில் வேறு யாராவது செய்திருந்தால் போலீஸ் வந்திருக்கும். நான் மனிதவளத் துறையில் இருந்ததால் அதற்குப் பெயர் நலத்திட்டம்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். போனவன் திரும்பாமல் சமூகப்பணியில் முதுகலை வரை போய்விட்டேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடுமேன். லாரியில் இரும்புத் தகடு ஏற்றி இறக்குகிறார். அம்மா, பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், ஊறுகாய் பாக்கெட் போடும் இடத்தில் வேலை செய்கிறார். நான் என்ன படித்தேன் என்பது இருவருக்கும் சரியாகத் தெரியாது. "ஜனங்க கஷ்டத்தக் கேக்குற படிப்பு" என்று அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார். (விளைவு: தண்ணி லாரி வரவில்லை என்றால்கூட என்னிடம் வந்து சொன்னார்கள்.)

'மன அழுத்தம்' என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது கல்லூரிப் பாடத்தில்தான். தூக்கமின்மை, முதுகுவலி, எரிச்சல், தீராத களைப்பு என்று அறிகுறிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்கு ஒரே ஆச்சரியம். இதை நாங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக 'வேலை' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

படிப்பு முடிந்ததும் அதே எஸ்டேட்டில், பைக் பிரேக்குக்கான பாகங்களைத் தகட்டில் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். உதவியாளர் வேலை கிடைத்தது. ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அதில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. அப்பா எஸ்டேட்டில் இருக்கும் அத்தனை டீக்கடையிலும் "எம் புள்ள ஆபீசராயிட்டான்" என்று அறிவித்து முடித்திருந்தார். நான் வெளியே அனுப்பப்பட்டால் அவர் டீ குடிக்க ஆவடி வரை போக வேண்டியிருக்கும்.

வேலை என்று எனக்கு அங்கே இருந்தது பெரும்பாலும் மெமோ அடிப்பது. முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணி. ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு கேட்டுக்குள் கால் வைத்தால் வாட்ச்மேன் நோட்டில் பெயர் ஏறும். மாதத்தில் மூன்று முறை ஏறினால் அரை நாள் லீவு கழியும், கையில் ஒரு மெமோவும் வரும். நான் எட்டரை மணிக்கு நிதானமாக வந்து, ஏசியில் உட்கார்ந்து, 'தாங்கள் தொடர்ந்து காலதாமதமாக வருவதற்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்' என்று அழகான தமிழில் அடிப்பேன். ஒற்றுப்பிழை இருக்காது. யாரும் காரணம் எழுதித் தந்ததில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது மாதம் மேனேஜர் சார் கூப்பிட்டார்.

"அடுத்த வாரம் கஸ்டமர் ஆடிட். நம்ம சரக்கு வாங்குற கம்பெனி ஆளு வந்து எல்லாத்தையும் சோதிப்பாரு. அது முடிஞ்சதும் உன் ஃபைல்ல நான் எழுதணும். மெமோ நல்லா அடிக்கிறான்னு எழுத முடியுமாப்பா? புதுசா ஏதாச்சும் செஞ்சு காட்டு."

நான் அன்று மதியமே திட்டத்தோடு போய் நின்றேன். தலைப்பு: 'இன்று நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' ஒவ்வொரு தொழிலாளியும் தன் மனநிலைக்கு ஏற்ப ஒரு வண்ண அட்டையை எடுத்து, அதில் மனதில் இருப்பதை எழுதி, அடையாள அட்டையோடு கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். நன்றாக இருந்தால் பச்சை. ஏதோ ஓடுகிறது என்றால் மஞ்சள். முடியவில்லை என்றால் சிவப்பு.

"ஆடிட் அன்னிக்கே ஆரம்பிக்கலாம் சார். வர்றவர் பார்த்து அசந்துடுவார்," என்றேன்.

(அசந்தார். அதில் நான் சொன்னது தப்பவில்லை.)

ஆடிட் கவலையில் இருந்த மேனேஜர் காதில் பாதிதான் விழுந்தது. "சரி சரி, செய்," என்றார். வண்ண அட்டை வாங்க ஒப்புதல் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். நேராக ஸ்டோர்ஸுக்குப் போனேன். அங்கே மூன்று வண்ணத்திலும், நூல் கோத்து, கட்டம் போட்டு அச்சடித்த டேக்குகள் கட்டுக்கட்டாக இருந்தன. எதற்கு என்று ஸ்டோர்ஸ்காரர் கேட்டார். "பிரஸ் ஷாப்புக்கு," என்றேன், தகடு அடிக்கும் பகுதியைச் சொல்லி. கொடுத்துவிட்டார். கடவுளே நூல் கோத்துக் கொடுத்ததாக நினைத்தேன்.

அந்த டேக்குகள் எதற்கு என்பது அந்தக் கம்பெனியில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பச்சை மாட்டினால் சரக்கு நன்றாக இருக்கிறது. மஞ்சள் என்றால் சந்தேகம், ஓரமாக வை. சிவப்பு என்றால் பழுது; உடனே லைனிலிருந்து எடுத்து, மூலையில் கம்பிவலை அடித்த ரிஜெக்ஷன் கூண்டுக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். மேனேஜர் கையெழுத்து இல்லாமல் கூண்டைத் திறக்கக்கூடாது. இதற்கு எல்லோருக்கும் அரை நாள் பயிற்சி நடந்தது. அந்தப் பயிற்சியில் நானும் இருந்தேன், போட்டோ எடுத்துக்கொண்டு.

ஆடிட் நாள். காலை எட்டே முக்கால், டீ நேரம். பிரஸ் ஷாப் ஆட்கள் முப்பத்தோரு பேரையும் கேன்டீன் பக்கம் நிற்கவைத்து, மனம் என்பது என்ன என்று பத்து நிமிடம் பேசினேன். டீ ஆறியது. பிறகு டேக்குகளைப் பிரித்து வைத்தேன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சீனியர் ஆபரேட்டர் தனசேகர் அண்ணா முன்னால் வந்தார். அந்த ஷாப்பில் எல்லா விதிகளையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் அவர்.

"சார், ஒரு டவுட்டு. செவப்பு டேக்கு மாட்டிகினு லைன்ல நிக்கக் கூடாதே சார்?"

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. மனதில் இருப்பதைச் சொல்லத் தயங்குபவர்களை எப்படிப் பேச வைப்பது என்று ஒரு முழுப் பாடமே படித்திருக்கிறேன்.

"அண்ணா, சிவப்புன்னா அவமானம் இல்ல. எல்லா மனுஷனுக்கும் ஒரு நாள் சிவப்புதான்."

"அது இல்ல சார். நான் இன்னா சொல்றேன்னா, மாட்டினா அப்பால கூண்டுல..."

"மனசுல இருக்கிற கூண்டைத்தான் அண்ணா இன்னிக்குத் திறக்கப் போறோம்!"

தனசேகர் அண்ணா ஒரு சிவப்பு டேக்கை எடுத்துக்கொண்டார். பிறகு திரும்பி, "சார் சொல்ட்டாரு. மாட்டிக்கோங்கப்பா," என்றார்.

திருநின்றவூரிலிருந்து வரும் செல்வி அக்கா ஒரு சிவப்பு டேக்கை எடுத்துப் புரட்டினார். "தம்பி, கட்டம்லாம் ஃபுல்லா எழுதணுமா?"

"மனசு விட்டு எழுதுங்கக்கா."

"எழுதிட்டு, அப்பால ஏன் எழுதுனன்னு அதுக்கு ஒரு மெமோ அடிக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குனிந்து எழுதினார்கள், எழுதினார்கள், பேனா கைமாறிக் கைமாறி எழுதினார்கள். முப்பத்தோரு பேரும் சிவப்பு. அவர்கள் என்ன எழுதினார்கள் என்று நான் படித்தேனா? இல்லை. போட்டோ எடுத்தேன். பிறகு திட்டத்தைத் தொடங்கிவைத்தவன் என்ற முறையில், எனக்கு ஒரு பச்சை டேக் எடுத்து, 'மகிழ்ச்சி' என்று எழுதிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஆடிட்டர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். மடிப்புக் கலையாத சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. அதிர்ந்து பேசாதவர். அப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் மேனேஜருக்குப் பயம். மேனேஜர் வரவேற்பறையில் போனில் மாட்டிக்கொண்டதால், "நீ கூட்டிட்டுப் போ, பின்னாலேயே வர்றேன்," என்று என்னிடம் ஒப்படைத்தார். பொன்னான வாய்ப்பு.

பிரஸ் ஷாப் வாசலில் ஆடிட்டர் நின்றுவிட்டார். முப்பத்தோரு பிரஸ். முப்பத்தோரு பேர். முப்பத்தோரு சிவப்பு டேக்.

"இதென்னங்க?"

"எங்க புதிய முயற்சி சார்," என்றேன், குரலில் வழிந்த பெருமையோடு.

அவர் நேராகத் தனசேகர் அண்ணாவிடம் போனார். "ஏனுங்க, சிவப்பு டேக் போட்டா என்ன பண்ணோணும்?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆடிட்டர் நடைமுறை கேட்டால் வாயால் சொல்லாதே, செய்து காட்டு என்பது அந்தப் பயிற்சியில் அழுத்திச் சொல்லப்பட்ட பாடம். தனசேகர் அண்ணா விறைப்பாக நின்றார். பிரஸ்ஸை அணைத்தார். கையுறையைக் கழற்றி மடித்து வைத்தார். நேராக நடந்து போய் ரிஜெக்ஷன் கூண்டுக்குள் ஏறி நின்றுகொண்டார்.

செல்வி அக்கா அடுத்தது. அவருக்குப் பின்னால் ஒருவர். அவருக்குப் பின்னால் வரிசை. கூண்டு பத்துப் பேருக்குக் காணாது. ஆனால் அத்தனை பேரும் தினமும் லோக்கல் ரயிலில் வருகிறவர்கள். முப்பத்தோரு பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

"தனசேகரு, காலை மெதிக்காதய்யா," என்று செல்வி அக்கா குரல் கேட்டது.

"உள்ள போ, உள்ள போ, வாசல்ல நிக்காத!" என்று யாரோ பழக்கத்தில் கத்தினார்கள்.

கடைசி ஆள் ஏறியதும், தரப்பிரிவில் இருக்கும் பெண் வந்து, எண்ணிப் பார்த்து, பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் வேலை அது.

பிரஸ் ஷாப்பில் சத்தம் நின்று நான் அதுவரை கேட்டதில்லை. மேலே ஒரு மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. மற்ற மூன்றும் ஓடவே இல்லை என்பதை ஐந்தரை மாதத்தில் அன்றுதான் கவனித்தேன்.

சத்தம் நின்றதும் மேனேஜர் ஓடிவந்தார். கூண்டைப் பார்த்தார். "யாருய்யா இவங்கள உள்ள போட்டது?"

கம்பி வழியாக அறுபத்திரண்டு கண்கள் என்னைப் பார்த்தன.

"முதல்ல திற!" என்றார் மேனேஜர்.

"உங்க கையெழுத்து இல்லாம திறக்கக் கூடாது சார்," என்றாள் தரப்பிரிவுப் பெண். "ரீவொர்க் பண்ணிச் சரிசெய்றதா, ஸ்கிராப்னு தூக்கிப் போடறதான்னு ஒவ்வொரு டேக்லயும் நீங்க எழுதணும்."

"அய்யோ, இவங்க மனுஷங்கம்மா!"

ஆடிட்டர் பேனாவைத் திறந்தார். "மனுஷங்கதானுங்க. ஆனா டேக்கு உங்களுது பாருங்க."

கம்பி இடுக்கு வழியாக டேக்குகள் வெளியே வந்தன. ஆடிட்டர் வாங்கி வாங்கிச் சத்தமாகப் படித்தார். என் மக்கள் ஒரு கட்டத்தையும் விடவில்லை, பயிற்சி அப்படி.

'பொருள்: ப. செல்வி. குறை: தூக்கம் போதவில்லை, ஓடி ஓடிக் கால் வலி. மூல காரணம்: ரயில் அம்பத்தூர் வருவதே ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அங்கிருந்து கம்பெனி கால் மணி நேர நடை, ஷிஃப்ட் ஆறு மணி. பொறுப்பு: ஹெச்.ஆர். முடிக்கும் தேதி: நீங்களே சொல்லுங்க.'

'பொருள்: தனசேகர். குறை: அதிக சூடு. மூல காரணம்: ஃபேன் மூன்று ஓடவில்லை. பொறுப்பு: மெயின்டனன்ஸ். முடிக்கும் தேதி: நாளைக்கே.'

'பொருள்: விக்னேஷ். குறை: பொண்ணு கிடைக்கவில்லை. மூல காரணம்: சம்பளம். பொறுப்பு: மேனேஜ்மென்ட். முடிக்கும் தேதி: வர தை மாசம்.'

"சார், என்னுத ஸ்கிராப்புன்னு எழுதிடாதீங்க சார்," என்று கூண்டின் உள்ளிருந்து விக்னேஷ் கெஞ்சினான். "ஊட்ல பொண்ணு பாத்துகினு கீறாங்க!"

கூண்டே குலுங்கியது. மேனேஜர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். ஆடிட்டர் சிரிக்கவில்லை. டேக்குகளை இரண்டு கட்டாகப் பிரித்தார். ஒரு கட்டு மெலிசு. இன்னொன்று தடிமன். தடிமனானதை எண்ணினார். இருபத்திரண்டு. எல்லாவற்றிலும் ஒரே காரணம்: ரயில், நடை, ஆறு மணி. எல்லாவற்றிலும் ஒரே பொறுப்பு: ஹெச்.ஆர்.

"ஒரே குறை இருபத்திரண்டு பீஸ்ல வந்தா, அது பீஸோட தப்பு இல்லீங்க," என்றார் மேனேஜரிடம். "மெஷின் செட்டிங்கைத்தான் பார்க்கோணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். என் கழுத்தைப் பார்த்தார். "நீங்க ஒருத்தர்தான் ஓகே பீஸுங்களா?"

அந்தப் பச்சை டேக்கை நான் எப்போது கழற்றினேன் என்று ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது அந்த இருபத்திரண்டு டேக்குகள்தான். காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று ஐந்து மாதமாக அடித்துக்கொண்டிருந்தேன் அல்லவா? அத்தனையும் எழுத்து மூலம் வந்துவிட்டது. எழுத ஒரு கட்டமும் பத்து நிமிடமும் கொடுத்தால் போதும் என்று எனக்குத் தெரியவில்லை. மெமோவில் அவ்வளவு இடம் நான் விட்டதில்லை.

மேனேஜர் முப்பத்தோரு டேக்கிலும் 'ரீவொர்க்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். கூண்டு திறந்தது. ஆடிட் அறிக்கையில் இரண்டு வரிகள் எங்களைப் பற்றி இருந்தன. ஒன்று: சரக்குக்கான டேக்கை மனிதர்களுக்குப் பயன்படுத்தியது விதிமீறல். இரண்டு: டேக் நடைமுறையைத் தொழிலாளர்கள் முழுமையாக அறிந்துள்ளனர். கையெழுத்திட்ட எல்லா டேக்குகளையும் மூன்று மாதத்தில் சரிசெய்து, ஆதாரம் காட்ட வேண்டும். புது ஆர்டர் அதற்குப் பிறகுதான்.

மேனேஜர் என் தகுதிகாண் பருவத்தை மூன்று மாதம் நீட்டித்தார். "அந்த டேக்கெல்லாம் நீதான் சரிசெஞ்சு மூடற. ஒண்ணு பாக்கி இருந்தாலும் நீ கிளம்பலாம்," என்றார்.

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பாட்டுத் தட்டில் கைவைத்தபடி கேட்டார். கூண்டு வந்த இடத்தில் அவருக்குப் புரையேறிவிட்டது.

"பூட்டே போட்டாங்களா?"

"போட்டாங்கப்பா."

"மேனேஜரு கையெழுத்துப் போட்டாரா? ஒவ்வொண்ணுத்துலயுமா?" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நைனா, நான் இத்தினி வருசமா லோடு தூக்கறேன். எனுக்கு இன்னா நோவுன்னு எந்தக் கம்பெனிலயும் ஒருத்தன் கையெழுத்துப் போட்டதில்ல. உன்ன வேலைய உட்டு அனுப்பிச்சாக்கூட டீக்கடைல நான் இதச் சொல்லுவேன் போ."

மின்விசிறிகள் மறுநாளே ஓடின. ரயில் விஷயத்துக்கு ஆதாரம் வேண்டும் என்றார் மேனேஜர். எனவே பன்னிரண்டு நாள், விடியுமுன் பட்டாபிராம் ஸ்டேஷனில் நின்று, செல்வி அக்கா வரும் அதே ரயிலில் ஏறி, நோட்டில் நேரம் குறித்துக்கொண்டு போனேன். முதல் நாள் அம்பத்தூரில் இறங்கியதும் எல்லோரும் ஓடினார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பாதி தூரம் போய்விட்டார்கள்.

"இன்னா தம்பி, வேடிக்கை பாத்துகினு கீற? ஓடு!" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டே செல்வி அக்கா திரும்பிக் கத்தினார். அவருக்கு என்னைவிடப் பதினெட்டு வயது அதிகம். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. என்னை அவரால் தோற்கடிக்க முடிந்தது. என்னால் ஒரு நாளும் முடியவில்லை. ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு நான் கேட்டைத் தொட்டபோது, வாட்ச்மேன் சிரிக்காமல் என் பெயரை நோட்டில் எழுதினார். நான்காம் நாள் எனக்கு மெமோ வந்தாக வேண்டும். அதையும் நான்தான் அடித்தேன். இந்த முறை காரணம் எழுத ஒரு பக்கம் முழுக்க இடம் விட்டு அடித்தேன். முழுப் பக்கத்தையும் நிரப்பினேன். என் நோட்டும் அந்தப் பக்கமும்தான் மேனேஜர் மேலே கொண்டுபோன ஆதாரம்.

இரண்டாம் மாத முடிவில் முதல் ஷிஃப்ட் ஆறு இருபதுக்கு மாறியது. இருபது நிமிடம்தான். அதில் செல்வி அக்கா ஸ்டேஷன் வாசலில் நின்று ஒரு டீ குடிக்கிறார், நடந்து வருகிறார். தாமத நோட்டு இப்போது பெரும்பாலும் காலி. விக்னேஷ் டேக்கை மட்டும் மூட முடியவில்லை. மறு ஆடிட்டில் கோயம்புத்தூர்க்காரர் அதை எடுத்துப் பார்த்து, "இது தை மாசம் வரைக்கும் டைம் இருக்குதுங்க," என்று திரும்ப வைத்தார். அன்றுதான் அவர் சிரித்து நாங்கள் பார்த்தோம்.

என் வேலை நிரந்தரமானது. அந்தக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்த மாலை நான் ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். களைப்பை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று. ஞாபகத்துக்காகப் பையில் வைத்திருந்த ஒரு வெற்றுச் சிவப்பு டேக்கை எடுத்துக் காட்டினேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். ஊறுகாய் வேலையிலிருந்து வந்து, எங்களுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுப்பை அணைத்துவிட்டு அம்மா வந்தார். என் கையிலிருந்த டேக்கை வாங்கினார். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, அதைத் தன் புடவையில் குத்திக்கொண்டார். டிவி முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முப்பத்தோரு பேரைக் கேட்டவன், அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்காக மூன்றரை மணிக்கு எழுந்து சோறு கட்டியவரைக் கேட்கவில்லை.

"இன்னாமே, செவப்பா?" என்றார் அப்பா மெதுவாக.

"கண்ணு தெரியல?" என்றார் அம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். குறை என்ற கட்டத்துக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. பொறுப்பு என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரையும் என் பெயரையும் போடச் சொன்னார். நடவடிக்கை: ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குள் அம்மா வரமாட்டார். அப்பா சமைப்பார், நான் பாத்திரம் தேய்ப்பேன். அப்பா கட்டைவிரலால் மீசையைத் தடவி யோசித்து, மேனேஜர் மாதிரியே அடியில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது சொந்தக்காரர்கள் யார் வந்து இடுப்பு வலி, தலைவலி என்றாலும், "அவனாண்ட சொல்லு, டேக்கு போட்டுக் கூண்டுல ஏத்திடுவான்," என்று அப்பா ஆரம்பித்துவிடுவார். கதை முழுசாகச் சொல்லி முடிக்காமல் யாரையும் காப்பி குடிக்க விடமாட்டார். அந்தக் காப்பியும், ஞாயிற்றுக்கிழமை என்றால், அவர் போட்டதுதான்.

அன்று மாலை கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது நான் கேட்டேன். "அம்மா, முடிக்கும் தேதின்னு ஒண்ணு இருக்கு. என்ன போடட்டும்?"

அம்மா டேக்கை வாங்கி, படிக்கத் தெரிந்தவர் போல மேலும் கீழும் பார்த்தார்.

"அத்த மட்டும் எழுதாத," என்றார். "காலியாவே உடு."